ஆறு என்னும் சொல்லும் குழிவழியும்

இராயபுரத்து மணற்பாங்கில் வளர்ந்தோர்க்கு வழியென்பது தரைமட்டத்திற் கிடப்பது. மாந்தர் நடந்தும் வண்டி உருண்டும் அது 30 அடி கீழிறங்கும் என்றால் நம்புதல் அரிது. ஜெர்மனியின் தென்மேற்கே, ரைன் நதியருகேயுள்ள கைசர்ஸ்டூல் என்னும் பழைய எரிமலைக் குன்றுகளில், திராட்சைத் தோட்டங்களினூடே அத்தகைய குழிவழிகள் உள.

பனியூழிக் காலத்தே காற்று வாரிக் கொணர்ந்த மென்புழுதி அங்கே லோயஸ் என்னும் மஞ்சள் மண்ணாய்ப் படிந்தது. சக்கரமும் குளம்பும் அதனைப் பொடியாக்க, மழைநீர் அப்பொடியை அடித்துச் சென்றது. சுண்ணாம்பு பற்றிய மண்ணாதலின் இருமருங்கும் சரியாது சுவர்போல் நின்றது. நம் தென்பாண்டித் தேரிக்காட்டுச் செம்மணலும் காற்றுக் கொணர்ந்ததே; அங்கும் மழை ஓடைகளை அறுத்துளது. ஆயின் அவ்வோடைகள் மழையின் வேலை. குழிவழியோ மழையும் மனிதனும் கூடிச் செய்தது.

தமிழில் ‘ஆறு’ என்பது நீரோடுவதையும் நெறியையும் ஒருங்கே குறிக்கும். இரண்டும் வெவ்வேறு பொருளென நாம் மனனஞ் செய்கின்றோம். மழை பெய்யுங்கால் நீரும், பெய்யாப் பொழுது வண்டியும் செல்லும் இவ்வழியை நோக்கின் அவை அத்துணை வேறல்ல என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1960, 1970 ஆகிய பத்தாண்டுகளிற் பெருந்தட்டுகள் அமைக்கவேண்டிக் குழிவழிகள் பல அழிக்கப்பட்டன. அத்தட்டுகளுட் சில குன்றுநோக்கிச் சாய்ந்திருந்தமையின் குளிர்காற்றுத் தேங்கிக் கொடிகள் உறைபனியாற் கருகின. (நீரின் பழைய வழியைத் தூர்ப்பதன் பயனை மாரிக்காலத்து வடசென்னையாரும் அறிவர்.) எஞ்சிய மண்சுவர்களிலே, நம் நாட்டுப் பச்சைப் பஞ்சுருட்டான் மணற்கரையைக் குடைவது போலவே, அதன் ஐரோப்பிய உறவினம் வளை குடைந்து குஞ்சு பொரிக்கின்றது.