கல்லில் ஓர் இருதயம்: குடும்பத்தாருக்கு ஒரு கைவேலைப் பாடம்



இரக்கமில்லாதவனைக் கல்நெஞ்சன் என்று சொல்லுவது நம் வழக்கம். இந்த வாரப் பாடத்திலோ, ஒரு கல்லையே எடுத்து இருதய வடிவமாக்கி மெருகிடுவது எப்படி என்று பார்ப்போம். ஓய்வு நேரத்துக்கான கைவேலைதான் இது. பெரிய கருவிகள் வேண்டாம், செலவும் சொற்பம். ஆனாலும் பொறுமையில்லாதவர் இதை முடிக்கமாட்டார். ஜாக்கிரதையில்லாதவர் இதைத் தொடவே கூடாது. ஏன் என்பதைப் போகப்போக அறிவீர்கள்.

1. எந்தக் கல்?

எல்லாக் கல்லும் ஒரே கடினமுடையதல்ல. ஜெர்மானியரான பிரீட்ரிக் மோஸ் என்பவர் 1812-ம் ஆண்டில் கனிகளைக் கடினத்தின்படி 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். மிக மெதுவான டால்க் 1, வைரம் 10. நமது நகம் ஏறக்குறைய இரண்டரை. சலவைக்கல் 3. கண்ணாடி ஐந்தரை. நல்ல எஃகு அரம் ஆறரை. அகேட் என்னும் பளபளப்பான கல்லும், நம் கருங்கல்லில் கலந்திருக்கும் பளிங்குமணியும் 7.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. அரத்தைவிடக் கடினமான கல்லை அரம் தின்னாது. கல்தான் அரத்தைத் தின்னும். ஆகவே, புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு மாக்கல்லே உத்தமம். நம் பாட்டிமார் வத்தக்குழம்பு வைத்த கல்சட்டி இந்தக் கல்லில் செய்ததுதான். வீட்டில் கல்சட்டி உடைந்துபோனால் வருத்தப்படாதீர்கள். அதன் தட்டையான அடிப்பாகத்தில் அழகான ஓர் இருதயம் ஒளிந்திருக்கிறது. இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு எளிதில் விழுந்தால் அந்தக் கல் உங்கள் கைக்கு அடங்கும். ஆணி வழுக்கிக்கொண்டு போனால் அதை விட்டுவிடுங்கள்.

2. வடிவம் வரைதல்

ஒரு காகிதத்தில் 3 செ.மீ. சதுரம் வரைந்து, அதன் ஒரு மூலை கீழே வரும்படி காகிதத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மேலேயுள்ள இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளியிலும் காம்பஸின் முனையை ஊன்றி, ஒன்றரை செ.மீ. ஆரமுள்ள அரைவட்டத்தை வெளிப்புறமாய் வரையுங்கள். இரண்டு வட்டங்களும் சதுரத்தின் மேல் மூலையில் சந்திக்கும். அகலம் ஏறக்குறைய 5.1 செ.மீ., உயரம் 4.7 செ.மீ. உள்ள இருதயம் கிடைக்கும். அதைக் கத்தரித்துக் கல்மேல் வைத்து, ஆணியால் சுற்றிக் கீறுங்கள். பென்சில் கோடு தண்ணீரில் அழிந்துபோகும், கீறல் அழியாது.

3. அறுத்தலும் அராவுதலும்

கல்லை ஈரத்துணியில் சுற்றிப் பலகைமேல் அசையாமல் பிடித்து, இரும்பறுக்கும் ஆக்சா பிளேடால், கோட்டுக்கு வெளியே சற்று இடம் விட்டு அறுங்கள். நேர்க்கோடாய்ப் பல வெட்டு வெட்டி மூலைகளை நீக்கினால் போதும். வளைவை அரம் பார்த்துக்கொள்ளும். மேலேயுள்ள பள்ளத்தை உளி வைத்துத் தட்டாதீர்கள். கல் இரண்டாய்ப் பிளந்துவிடும். பிளேடால் சிறு வெட்டு இட்டு, பிறகு அரைவட்ட அரத்தால் மெதுவாய் அகலப்படுத்துங்கள்.

கீழ்முனையை அராவும்போது அரத்தை முனையிலிருந்து உட்பக்கமாய்த் தள்ளுங்கள். வெளிப்பக்கமாய்த் தள்ளினால் முனை சிதறிப்போகும். சுற்றுவடிவம் சரியானதும், விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே சாய்வாய் அராவுங்கள். அந்தச் சாய்வினால் உண்டான புது விளிம்புகளை மறுபடியும் சாய்வாக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் தட்டைக் கல் தானே உருண்டு, உள்ளங்கைக்குப் பொருந்தும் மேடாகிவிடும்.

4. தேய்த்தல்

வர்ணக்கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் கொடுப்பார்கள். 120, 220, 400, 600, 1000 என்ற எண்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். எண் ஏற ஏறப் பொடி நுணுக்கமாகும்.

இந்த வேலையின் இரகசியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 120-ம் எண் தாள் அரத்தின் கோடுகளை நீக்கி, தன் கோடுகளை விட்டுச்செல்லும். அவற்றை 220 நீக்கவேண்டும். அதன் கோடுகளை 400 நீக்கவேண்டும். ஒரு படியை அரைகுறையாய் விட்டு அடுத்த படிக்குத் தாவினவர், 1000-ம் எண் தாளால் நாள் முழுதும் தேய்த்தாலும் அந்தப் பழைய கீறல் போகாது. சுற்றிலும் பளபளப்பு ஏற ஏற, அது இன்னும் தெளிவாய்த் தெரியும்!

இதிலே நம்மை ஏமாற்றுவது தண்ணீர். நனைந்த கல் எப்பொழுதும் மெருகேறியதுபோல் தோன்றும். கீறல்களைத் தண்ணீர் நிரப்பி மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு படியின் முடிவிலும் கல்லைக் கழுவி, துடைத்து, நன்றாய் உலரவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உலர்ந்த கல் பொய் சொல்லாது. ஒரு தாளால் நெடுக்கில் தேய்த்தால், அடுத்ததால் குறுக்கில் தேயுங்கள். மிஞ்சின பழைய கோடு தனித்துத் தெரியும். மேல் பள்ளத்தில்தான் பலர் தோற்றுப்போவது. அங்கே விரல் எட்டாது. பென்சில்மேல் தாளைச் சுற்றி, அந்தச் சிறு இடத்துக்கும் ஐந்து படிகளையும் குறையாமல் செய்யுங்கள்.

முடிந்தபின் கல்லை ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். சூடேறிய கல்லில் தேன்மெழுகை மெல்லியதாய்த் தடவி, ஆறினதும் பழைய பருத்தித் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாம்பலாய்க் கிடந்த நிறம் அப்பொழுது ஆழமாய் எழும்பும். அடுப்புத் தீயில் காட்டாதீர்கள், கல் வெடிக்கக்கூடும்.

5. தூசியைப்பற்றி எச்சரிக்கை

பெற்றோரே, இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு இருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

குஜராத்திலுள்ள கம்பாத் நகரம் அகேட் கல்வேலைக்குப் பேர்பெற்றது. நர்மதைக் கரைப்பக்கத்து ரத்தன்பூரிலிருந்து வரும் கல்லை அங்கே மணியாகவும் இருதயமாகவும் தேய்த்து அனுப்புகிறார்கள். அழகான தொழில்தான். ஆனால் கடினமான கல்லை உலர்ந்தபடி சக்கரத்தில் தேய்க்கும்போது எழும்பும் சிலிக்காத் தூசி, கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சுக்குள் இறங்கி, நுரையீரலைத் தழும்பாக்கிவிடுகிறது. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பான நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. கம்பாத்தில் அநேகர் வீட்டிலேயே இந்த வேலையைச் செய்வதால், கல்லைத் தொடாத வீட்டாரையும் அயலாரையுங்கூட அந்தத் தூசி தீண்டியிருக்கிறது.

நாமோ மாக்கல்லில் எப்பொழுதாவது ஒன்று செய்கிறவர்கள். அவர்களுக்குள்ள அபாயம் நமக்கு இல்லை. ஆயினும் மாக்கல் தூசியும் நல்லதல்ல. சில மாக்கல்லில் கல்நார் இழைகளும் கலந்திருக்கும். ஆகவே இவற்றைக் கண்டிப்பாய்க் கைக்கொள்ளுங்கள்:

அறுப்பதும் அராவுவதும் தேய்ப்பதும் எப்பொழுதும் ஈரத்தில்தான். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும்.

வேலை சமையலறையில் வேண்டாம். காற்றோட்டமான தாழ்வாரத்தில் நடக்கட்டும். கைக்குழந்தைகள் அருகில் வேண்டாம்.

கல்சேற்றை உலரவிட்டுத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. ஈரமாயிருக்கும்போதே துணியால் துடைத்தெடுங்கள். கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று எண்ணாதீர்கள். நுண்தூசிக்கு அது தடையல்ல. என்-95 முகக்கவசம் நல்லது. ஆனாலும் தண்ணீரே முதற்காவல்.

மின்சார அறுவைச் சக்கரத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது. அகேட் முதலிய கடினக் கற்களை, நீர் ஊற்றும் சக்கரமுள்ள தொழிலாளரிடமே விட்டுவிடுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை

ஒரு சிறு இருதயத்துக்கு ஏழெட்டு மாலைநேரம் பிடிக்கலாம். கடையில் சில நிமிஷத்தில் வாங்கக்கூடியதற்கு இவ்வளவு பிரயாசையா என்று சிலர் கேட்பார்கள். கடையில் வாங்கினதை மேசைமேல் வைப்போம். தகப்பனாரும் மகளும் மாலைதோறும் ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் கை நனைத்துச் செய்ததைத் தாயாரின் கையில் வைத்தால், அவர் அதை எங்கே வைப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கொடுக்குமுன், மறவாமல், ஒருமுறை உலரவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

குடும்பத்தில் கேட்டுப் பேச:

1. உப்புத்தாளின் ஒரு படியைத் தாண்டிப் போனால் என்ன நேரிடும்?

2. கல்லை நனைந்தபடி பார்க்காமல், உலரவிட்டுப் பார்ப்பது ஏன்?

3. நாம் வாங்கும் அழகான பொருளைச் செய்தவரின் நெஞ்சுக்கு என்ன நேர்ந்தது என்று எப்பொழுதாவது விசாரித்திருக்கிறோமா?