சிறு விமானமும் பெரும் பொறுப்பும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்து எழுதுவோம் எனப் பலரும் எண்ணியிருப்பர். நாமோ தனியார் ஒருவர் தமக்கென வைத்துப் பேணி ஓட்டும் சிறு விமானத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். அத்துணிவுக்குக் காரணம் ஒரு மாணவனின் வினா. மற்றொரு காரணம் நம்முடைய பிழை.

சீவக சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் நடத்திக்கொண்டிருந்தோம். சச்சந்தன் தன் தேவி விசயைக்கென மயிற்பொறி ஒன்று செய்வித்த பகுதி அது. மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்த அரசனைப்போல இக்காலத்தில் ஒருவர் தமக்கென்று விமானம் வைத்திருக்கலாமா? பழுதானால் அதை யார் பார்ப்பது?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. நாமும், "முதலில் உன் சைக்கிள் சங்கிலியைச் சரிபார்" என்று கூறி அந்நகைப்பிற் கலந்துகொண்டோம். அவன் அமர்ந்தான். அத்தவணை முழுவதும் அவன் வேறெந்த வினாவும் எழுப்பவில்லை. அன்று நாம் தராத விடையை இன்று இம்மலரில் தர முயல்கின்றோம்.

வரலாறு

தனி மனிதர் வாங்கி ஓட்டத்தக்க விமானம் என்னும் எண்ணத்தைப் பரவச் செய்தது, 1925ஆம் ஆண்டு பெப்ரவரியில் இங்கிலாந்தில் முதன்முதற் பறந்த டி ஹவிலண்ட் நிறுவனத்தாரின் 'மோத்' விமானமாகும். இருவர் அமரக்கூடிய அதன் சிறகுகளைப் பின்னோக்கி மடிக்கலாம். ஆதலின் ஒரு சிறு கொட்டகையே அதற்குப் போதுமானதாயிற்று. பிற்காலத்தில் அமெரிக்காவில் எழுந்த செஸ்னா 172 என்னும் நால்வர் விமானம் 1955இல் முதன்முதற் பறந்தது. இதுவரை 44,000க்கு மேல் செய்யப்பட்டுள்ளது. உலகில் வேறெந்த வகை விமானமும் இத்துணை எண்ணிக்கையிற் செய்யப்பட்டதில்லை.

நம் அயல்நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியவர் ஜே. ஆர். டி. தாத்தா. இந்திய மண்ணில் வழங்கப்பெற்ற முதலாவது விமானி உரிமத்தை அவர் 10-02-1929 அன்று பெற்றார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுண் பரிசு அறிவித்தார். தாத்தா தம் சொந்த ஜிப்சி மோத் விமானத்திற் கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். எதிர்த்திசையில் வந்த ஆஸ்பி என்ஜினியர் என்னும் இளைஞர், எகிப்தின் அபூகிர் விமானத்தளத்தில் ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்திருந்தார். அங்கு இறங்கிய தாத்தா, தம்மிடமிருந்த உபரிப் பிளக்குகளை அவருக்கு ஈந்தார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி வென்றார், தாத்தா தோற்றார். ஆஸ்பி 1960இல் இந்திய விமானப்படைத் தளபதியானார். தாத்தாவோ 15-10-1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலுடன் பறந்து இந்திய விமானப் போக்குவரத்துக்கு வித்திட்டார். அப்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், தமது 78ஆம் வயதில், சிறு விமானமொன்றில் அதே வழியில் தனியே மீண்டும் பறந்து காட்டினார்.

ஈண்டு மாணவர் கருதத்தக்கன இரண்டு. கைக்குள் அடங்கும் ஒரு பிளக் இல்லையேல் விமானம் வெறும் பாரம் என்பது ஒன்று. உபரிப் பொருளைக் கருத்துடன் கொண்டுசென்றவனுக்கே பிறர்க்கு உதவும் பேறும் வாய்க்கும் என்பது மற்றொன்று.

நம் வயலும் அவர் வானும்

நம் இலங்கையில் இரத்மலானை விமானத்தளத்தில் முதன்முதல் இறங்கியதும் ஒரு சிறு விமானமே. சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ, 27-11-1935இல் புஸ் மோத் விமானமொன்றை அங்கு இறக்கினார். அத்தளத்தோடு நெடுங்காலம் தொடர்புகொண்டிருந்த ஒருவரை நம் பிரதேசத்தார் பெயரளவில் அறியாவிடினும் அவர் கைத்திறனை நன்கறிவர். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் ஓடும் இரு சக்கர உழவு இயந்திரத்தை, அது எந்த நிறுவனத்தின் ஆக்கமாயினும், 'லாண்ட்மாஸ்டர்' என்றே நம்மவர் அழைப்பர். அப்பெயருக்குரிய இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர் ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜிற் பொறியியல் பயின்ற அவர், சிறு விமானங்களையும், தலைமேற் சுழலும் சிறகுடைய ஓட்டோஜைரோ ஊர்திகளையும் தம் கையாலேயே அமைத்துப் பறந்தவர். வைத்திருப்போர், பேணுவோர், ஓட்டுவோர் ஆகிய மூவரும் அவர் ஒருவரிடத்தே ஒன்றாயினர்.

அவரிடம் நாம் கற்கத்தக்கது பிறிதொன்றும் உண்டு. தம் உழவு இயந்திரம் உலகெங்கும் புகழ்பெற்றபின், தாம் செய்தது எருமையை இயந்திரமாக்கியது மட்டுமே, வேளாண்மையை மேம்படுத்தியதன்று என அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பின்னர் மண்ணைக் கிளறாது பயிரிடும் முறைகளை ஆய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். தன் ஆக்கத்தின் குறையைத் தானே தேடிக் காணும் இக்கண்ணே விமானம் வைத்திருப்போர்க்கு வேண்டிய முதற் கருவி.

பறக்குமுன்

சாய்ந்தமருது மீனவர் படகைத் தள்ளுமுன் இயந்திரத்தையும் எண்ணெயையும் பார்த்துக்கொள்கின்றனர். கடலிற் படகு நின்றால் மிதக்கலாம். வானில் இயந்திரம் நின்ற விமானம் தாழ்ந்துகொண்டே வரும். ஆதலின் ஒவ்வொரு முறையும் விமானி தன் விமானத்தை வலம் வந்து, கண்ணாலும் கையாலும் சோதித்தல் வேண்டும்.

தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, சிறிது பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்ப்பான். நீர் கலந்திருப்பின் அது கனத்தால் அடியில் தங்கித் தெரியும். அந்நீர் இயந்திரத்துட் புகின் அது நின்றுவிடும். பின்னர் மசகெண்ணெயின் அளவு, காற்றாடி அலகின் வெடிப்பு, சுக்கானின் கீல்கள், சில்லுகளின் காற்று என்பவற்றைப் பார்ப்பான். வேகங்காட்டும் கருவிக்குக் காற்றேந்தும் சிறு குழாய் ஒன்றுண்டு; அதனுட் குளவி கூடு கட்டினால் கருவி பொய் சொல்லும். கடற்கரையோர விமானத்துக்கு மற்றொரு பகை உப்புக்காற்று. அது அலுமினியத்தை அரிக்கும். நன்னீராற் கழுவுதல் அதற்குத் தற்காப்பு.

சிறு விமான இயந்திரத்தின் ஒவ்வோர் உருளைக்கும் இரு பிளக்குகள் உண்டு; அவற்றிற்குத் தீப்பொறி தரும் மக்னீற்றோக்களும் இரண்டு. ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும். புறப்படுமுன் ஒன்றை நிறுத்தி மற்றதன் வலிமையை அறிவர். பின் மாற்றி அறிவர். வெப்ப நாட்டவராகிய நமக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், ஈரம் மிகுந்த காற்றில், நாம் குளிரென்றே உணராத வேளையிலும், காபுரேற்றருள் பனிக்கட்டி படிந்து இயந்திரத்தைத் திணறச் செய்யக்கூடும். அதனைக் கரைக்க வெந்நிறக் காற்றன்று, வெப்பக் காற்றையே செலுத்தும் பிடி ஒன்று விமானியின் கையருகே இருக்கும்.

ஏடும் செலவும்

விமானத்துக்கும் இயந்திரத்துக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. பறந்த நேரமும் செய்த பழுதும் அவற்றிற் பதியப்படும். பொதுவாக ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை மசகெண்ணெய் மாற்றுவர். ஆண்டுதோறும் முழுச் சோதனை நிகழும். உரிமம் பெற்ற பொறியியலாளர் கையொப்பமிடுவார். பல சிறு இயந்திரங்களுக்கு ஏறத்தாழ 2,000 மணி நேரப் பறப்பின் பின் முழுச் சீரமைப்பு விதிக்கப்படும். ஆகவே, பெற்றோலுக்கு மட்டும் பணம் வைத்திருப்பவன் விமானம் வைத்திருக்க இயலாதவனே. கொட்டகை, காப்புறுதி, சோதனை, வருங்காலச் சீரமைப்பு என்பவற்றுக்கும் ஒவ்வொரு மணி நேரப் பறப்பிலும் ஒரு பங்கை ஒதுக்கல் வேண்டும். இதனாலேயே பல நாடுகளில் நால்வர் ஐவர் கூடி ஒரு விமானத்தை வைத்திருப்பர். கழகங்களிற் சேர்ந்து பறப்போரும் உளர்.

ஓட்டும் உரிமம் பெறுவதற்கு அனைத்துலக விதிப்படி பதினேழு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பொதுவாக நாற்பது மணி நேரமேனும் பறந்திருத்தல் வேண்டும். மருத்துவச் சான்றும் எழுத்துத் தேர்வும் உண்டு.

விமானியின் மனம்

மீண்டும் சிந்தாமணிக்கு வருவோம். மயிற்பொறியை வலமாகத் திரித்தால் எழும், இடமாகத் திரித்தால் இறங்கும் எனக் கற்று விசயை நன்கு பழகியிருந்தாள். ஆயினும் கட்டியங்காரனின் வெற்றி முரசொலி செவியில் வீழ்ந்தபோது, கணவன் மாண்டான் என்றறிந்து அறிவு சோர்ந்தாள். பொறி சுடுகாட்டில் இறங்கிற்று. பொறியிற் பழுதில்லை, செலுத்தியவள் நெஞ்சு உடைந்தது. இன்றைய விமானிகளுக்கும் இதுவே போதிக்கப்படுகின்றது. நோய், மருந்து, மது, களைப்பு, கவலை, பசி என்பவற்றுள் ஒன்றேனும் தன்னிடம் உண்டோ எனத் தன்னையே வினவி, உண்டெனிற் பறவாதிருத்தல் வேண்டும். வாடைக்காற்று மழைமேகத்தைக் கொணரும் மாதங்களில், தரை காணாத முகிலுக்குள், அதற்கெனப் பயிலாதவன் புகுதல் கூடாது. இன்று வேண்டாம் என்று கூறித் திரும்பி நடப்பதும் விமானியின் திறனே.

அம்மாணவனுக்கு நம் விடை இதுவே: தம்பி, ஒருவர் தமக்கென விமானம் வைத்திருக்கலாம். பழுதைப் பொறியியலாளர் பார்ப்பார். ஆயின் பழுது உண்டோ என்று நாள்தோறும் தேடுவது உடையவனின் கடன். சைக்கிள் சங்கிலியைப் பார் என்றோமே, அச்சொல் மெய். அதனைச் சொன்ன முறைதான் பிழை. பறப்பதற்கு முன் தன் பழுதைத் தேடாத விமானியைப் போல, பேசுமுன் நம் சொல்லைச் சோதியாது விட்டோம். அதனை இம்மலரின் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுகின்றோம். நீ மீண்டும் வினவுவாயாக.