மலைக் கொரில்லாவும் மூன்று நாடுகளும்

ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் விருங்கா என்னும் எரிமலைத் தொடர் ஒன்று உளது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் அங்கே கூடுகின்றன. அம்மலைகளிலும், உகாண்டாவின் பிவிண்டிக் காட்டுப் பகுதியிலுமே மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன.

அவற்றைக் காண விழைவோர் அரசுக்குக் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெறல் வேண்டும். ருவாண்டா 2017ஆம் ஆண்டில் அக்கட்டணத்தை 750 டாலரிலிருந்து 1500 டாலராக உயர்த்தியது. உகாண்டாவிலோ, 2024 ஜூலை முதல் அயல்நாட்டார்க்கு 800 டாலர். ஆதலின், ருவாண்டாவின் தலைநகராகிய கிகாலியில் விமானத்தினின்று இறங்குவோருட் பலர், சியானிக்கா எல்லைச் சாவடியைக் கடந்து, கிசோரோ வழியாகப் பிவிண்டிக்குச் செல்கின்றனர். அங்கே சரிவுகள் செங்குத்தானவை. களைப்புச் சற்று மிகும். எனினும் ஏறத்தாழப் பாதிப் பணம் மிஞ்சுகின்றதே! இச்சிக்கனத்தை யான் குறை கூறேன்.

ஆயினும் அக்கட்டணம் வெறும் வேடிக்கைக்கு விலையன்று. மான் பிடிக்க வைத்த கண்ணியிற் கொரில்லாக் குட்டியின் கை சிக்குவதுண்டு. கண்ணிகளை நாள்தோறும் தேடி அகற்றும் காவலர்க்குக் கூலி வேண்டாவா? ருவாண்டா, பூங்காக்களின் சுற்றுலா வருவாயிற் பத்தில் ஒரு பங்கைச் சுற்றுப்புற மக்களுக்கு அளிக்கிறது. 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே இருந்தன. 2019இல் வெளியான கணக்கின்படி, பிவிண்டியையும் சேர்த்து அவை 1063.

ருவாண்டாவிலோ உகாண்டாவிலோ பொதுவான சீட்டுப் பெறின், ஒரு கூட்டத்தை நாளொன்றுக்கு எண்மரே, ஒரு மணி நேரமே காணலாம். மனிதரின் சளிநோய் அவற்றையும் பற்றுமாதலின் விலகி நிற்றல் வேண்டும்.

உகாண்டாவின் மகாகிங்காப் பூங்காவைச் சேர்ந்த நியாககேசி என்னும் கூட்டமோ, சீட்டுமின்றிச் சாவடியுமின்றி எல்லைகளைக் கடந்து திரிந்தது. அஃது அப்பாற் சென்றிருந்த நாட்களில், இப்பால் வந்த பயணிகளுக்கு அப்பூங்காவிற் காணக் கொரில்லா இல்லை.