நடிகர் தர்ஷன் தர்மராஜ்: கூத்துக் களத்திலிருந்து கமெராவுக்கு



க.பொ.த. (சாதாரண தர) நாடகமும் அரங்கியலும் பாடத்தில் நடிகனைப் பற்றி எழுதச் சொன்னால், பெரும்பாலானோர் "நடிகன் என்பவன் உடல், குரல், உள்ளம் ஆகியவற்றைப் பயன்படுத்துபவன்" என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். விடை பிழையன்று. ஆனால் உதாரணம் இல்லாத விடை உப்பில்லாத கஞ்சி போன்றது. உதாரணம் தேவைப்படும்போது தமிழகத்து நடிகர்களின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டுத் திரையிலும் சின்னத்திரையிலும் நடித்த ஒரு தமிழ்க் கலைஞரின் வாழ்வை இப்பாடத்தில் உதாரணமாகக் கொள்வோம்.

தர்ஷன் தர்மராஜ் 1981 இல் இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானையில் பிறந்தார். ஊவா மாகாணத்திற்கு அயல் மாகாணமான சப்ரகமுவையைச் சேர்ந்தது அவ்வூர். பசறையிலோ லுணுகலையிலோ அப்புத்தளையிலோ இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தச் சூழல் புதிதன்று. வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே சிங்களம் என்று இரு மொழிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. இந்த இருமொழி வாழ்வை இப்போதே நினைவிற் கொள்ளுங்கள். இந்த நடிகரின் தொழில் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அதுவே திறவுகோல்.

அவருக்கு முன்னரும் மலைநாட்டிலிருந்து சிங்களத் திரைக்குச் சென்ற தமிழர் உண்டு. ருக்மணி தேவி 1923 இல் நுவரெலியா மாவட்டத்தின் இறம்பொடையில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். மினர்வா நாடகக் குழுவின் மேடையில் நடித்த அவர், 1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ'வில் கதாநாயகி ஆனார். அப்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுக்கப்பட்ட இடம் மதுரை. ருக்மணி தேவி நடிகையாகவும் பாடகியாகவும் பெரும் புகழ் பெற்று, 1978 ஒக்டோபரில் வாகன விபத்தில் இறந்தார். சிங்களத் திரையின் தொடக்கத்திலேயே தமிழர் கை இருந்தது என்பதை எழுதும்போது இந்த விவரம் உதவும்.

தமிழ்த் திரைப்படத்துறையிலும் மலையகம் தன் முகத்தைக் காட்ட முயன்றது. வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975 இல் வெளிவந்தது. மலையக மக்களின் வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்ட படம் அது. அவர் தொடர்ந்து 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) ஆகியவற்றையும் தந்தார். தென்னிந்தியப் படங்கள் திரையரங்குகளை நிறைத்திருந்த காலத்தில் இம்முயற்சிகள் நெடுந்தூரம் செல்ல இயலவில்லை. சுயாதீன தொலைக்காட்சி 1979 இலும் ரூபவாஹினி 1982 இலும் தொடங்கிய பின்னர், நடிகர்களுக்குச் சின்னத்திரை என்ற இன்னொரு வாசல் திறந்தது. ஆனால் தொடர் நாடகங்களிற் பெரும்பாலானவை சிங்களத்திலேயே வந்தன. ஆகவே இலங்கையில் நடிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய ஒரு தமிழ் இளைஞன் தமிழை மட்டும் நம்பி வாழ்வது கடினமாக இருந்தது. தர்ஷன் தர்மராஜ் வந்த சூழல் இதுதான்.

தொழில் வாழ்க்கை

சின்னத்திரையில் 'ஏ-9' என்ற தொடர் நாடகத்தின் வழியாகவும், திரைப்படத்தில் துஷார பீரிஸ் இயக்கி 2008 இல் வெளிவந்த 'பிரபாகரன்' என்ற சிங்களப் படத்தின் வழியாகவும் அவர் அறிமுகமானார். ஆண்டைக் கவனியுங்கள். யுத்தம் 2009 மே மாதத்திலேயே முடிந்தது. ஆகவே யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, யுத்தத்தைப் பற்றிய கதைகளிலே தமிழ்ப் பாத்திரம் ஏற்கும் நடிகராகவே அவர் சிங்களப் பார்வையாளருக்குத் தெரியவந்தார்.

இங்கே ஒரு சிக்கலை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சிங்களப் படங்களில் தமிழன் என்றால், நெடுங்காலம் கொச்சைச் சிங்களம் பேசிச் சிரிப்பூட்டும் பாத்திரமாக வருவான். யுத்த காலத்தில் அவன் துப்பாக்கி ஏந்தியவனாக மாறினான். முன்னதில் ஏளனம், பின்னதில் அச்சம். இரண்டிலும் ஆழமான மனிதன் இல்லை. இப்படி ஓர் அச்சில் வார்த்த பாத்திரங்களே திரும்பத் திரும்ப வரும்போது நடிகன் என்ன செய்யலாம்? மறுத்தால் வேலை இல்லை. ஏற்றால் அந்த அச்சு மேலும் உறுதிப்படும். மூன்றாவது வழி ஒன்றுண்டு: பாத்திரத்தை ஏற்று, அதற்குள் ஒரு மனிதனைக் கொண்டுவருவது. சொல்ல எளிது, செய்ய அரிது. எழுத்திலேயே இல்லாத மனிதனை நடிகன் மட்டும் உண்டாக்க முடியாது. நல்ல கதையும் இயக்குநரும் வாய்க்க வேண்டும்.

அவருக்கு அது வாய்த்த படம் 'இனி அவன்' (2012). இயக்கியவர் சிங்கள இயக்குநரான அசோக ஹந்தகம. படத்தின் மொழியோ தமிழ். யுத்தம் முடிந்தபின் யாழ்ப்பாணத்திலுள்ள தன் ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளி ஒருவனின் கதை. அவனுக்குப் படத்தில் பெயரே இல்லை. ஊரார் அவனை வரவேற்கவில்லை. தங்கள் பிள்ளைகளை இழந்தவர்களின் கண்ணில் அவன் குற்றவாளி. அவன் விரும்பிய பெண் வேறொருவருக்கு மணமுடிக்கப்பட்டு, கணவனை இழந்து, பிள்ளையோடு வாழ்கிறாள். நகைக்கடை ஒன்றில் காவலாளி வேலை கிடைக்கிறது. ஆனால் அவனுக்காக வேறொரு காவலாளி வேலையிழக்கிறான், அவனுடைய மனைவி நியாயம் கேட்டு வருகிறாள். பின்னர் அந்த வேலையே அவனைக் கடத்தற்காரர்களின் வலைக்குள் இழுக்கிறது. சுபாஷினி பாலசுப்பிரமணியம், நிரஞ்சனி சண்முகராஜா ஆகியோர் உடன் நடித்தனர். 2012 இல் கான் திரைப்பட விழாவின்போது நடைபெறும் 'அசிட்' என்ற சுயாதீனப் படங்களின் பிரிவில் இப்படம் திரையிடப்பட்டது.

அதே ஆண்டில் பூதி கீர்த்திசேன இயக்கிய 'மாதா'விலும், 2018 இல் கிங் ரத்னம் இயக்கிய 'கோமாளி கிங்ஸ்' என்ற தமிழ்ப் படத்திலும் அவர் நடித்தார். தொடர் நாடகங்களிலும் தொடர்ந்து தோன்றிய அவர், 2022 ஒக்டோபர் 2 ஆம் திகதி மாரடைப்பினால் காலமானார். வயது 41. நடிகன் முதிர்ந்து பெரிய பாத்திரங்களை எட்டும் வயது அது.

நால்வகை அபிநயமும் இரு அரங்குகளும்

ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்விகம் என்ற நால்வகை அபிநயங்களையும் மனனம் செய்திருப்பீர்கள். இப்போது அவற்றை நம் ஊர்க் காமன் கூத்தின் மீதும் 'இனி அவன்' மீதும் பொருத்திப் பாருங்கள்.

மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றி, பௌர்ணமியளவில் காமன் தகனம் நடக்கும் வரை தோட்டமே அரங்காகிறது. தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவர். ஆண் ஒருவரே சேலை கட்டி ரதியாவார். கூட்டத்தின் கடைசி வரிசையில் தோளில் பிள்ளையோடு நிற்பவருக்கும் ரதியின் துயரம் தெரியவேண்டும். ஆகவே கைவீச்சு பெரிது, குரல் பெரிது, அழுகையும் பெரிது. உடை, ஒப்பனை ஆகிய ஆகார்யம் மிகையாக இருப்பதும் அதனாலேயே. அது குறையன்று, அந்த அரங்கின் தேவை.

கமெராவோ நடிகனின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது. அங்கே கூத்தனின் புருவ அசைவை அப்படியே காட்டினால் சிரிப்பு வரும். 'இனி அவன்' நாயகன் அதிகம் பேசுவதில்லை. ஊரார் பார்க்கும் பார்வையைத் தாங்கியபடி நிற்பதும், குனிவதும், நடப்பதுமே அவனுடைய ஆங்கிகம். உள்ளத்தின் மெய்ப்பாடான சாத்விகமே அங்கு முதலிடம் பெறுகிறது. மேடையில் ரதியின் ஒப்பாரி செய்யும் வேலையைத் திரையில் ஒரு மௌனம் செய்துவிடும்.

வாசிகத்தைப் பற்றி இன்னொரு குறிப்பு. நாம் "வாங்க, போங்க" என்போம். யாழ்ப்பாணத்தவர் "வாங்கோ, போங்கோ" என்பர். நாம் "எங்க வீடு" என்பதை அவர்கள் "எங்கட வீடு" என்பர். இறக்குவானையில் பிறந்த ஒருவர் யாழ்ப்பாணத்து மனிதனாக நடிக்கும்போது, சொற்களை மாத்திரமன்றி இழுவையையும் ஏற்ற இறக்கத்தையும் புதிதாகப் பழக வேண்டும். சிங்களப் பாத்திரம் என்றால் வேறு நாக்கு. ஒரே தொழிலில் மூன்று பேச்சு. பரீட்சையில் "குரற் பயிற்சி" பற்றிக் கேட்டால் இதை எழுதலாம். மூச்சுப் பயிற்சியை மட்டும் எழுதிவிட்டு வருவோர் பலர்.

விடை எழுதும்போது கவனிக்க: படத்தின் பெயரோடு இயக்குநரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தெழுதுங்கள். "மாபெரும் நடிகர்", "ஈடு இணையற்றவர்" போன்ற புகழுரைகளுக்குப் புள்ளி இல்லை. எந்தப் பாத்திரம், அதற்கு எந்த அபிநயம் தேவைப்பட்டது, ஏன் என்பதற்கே புள்ளி.

பயிற்சி

1. காமன் கூத்தில் ரதியாக ஆடும் ஒருவர் தொலைக்காட்சி நாடகமொன்றில் கணவனை இழந்த பெண்ணின் சகோதரனாக நடிக்க அழைக்கப்படுகிறார். அவர் தமது நடிப்பில் எவற்றைக் குறைக்க வேண்டும், எவற்றை அப்படியே கொண்டுசெல்லலாம்? நால்வகை அபிநயங்களையும் தொட்டு எழுதுக.

2. உங்கள் தோட்டத்திலோ அயலிலோ கூத்தாடும் மூத்த கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் எப்பாத்திரத்தை எத்தனை ஆண்டுகளாக ஆடுகிறார், யாரிடம் கற்றார் என்பவற்றைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுக. மாசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம். கூத்து இல்லாத நாட்களில்தான் அவர்களுக்குப் பேச நேரம் கிடைக்கும்.