இரண்டு பாட்டுக்கு நடுவில்

ஹெவி மெட்டல் வெறும் இரைச்சல் என்று சொல்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது ஒரே ஒரு கச்சேரியைத்தான். 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் மைதானம், பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் கடைசி மேடை. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல், பெரிய கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார்.

அந்த நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாட்டுகளைப் பிரிக்காமல் கேளுங்கள். முதலாவது ‘சூயிசைட் சொல்யூஷன்’, 1980-இல் வந்தது. குடி ஆளைக் கொல்லும் என்பதைப் பற்றியது. தலைப்பில் உள்ள ‘சொல்யூஷன்’ தீர்வு அல்ல, பாட்டிலில் இருக்கும் திரவம். அடுத்தது ‘மாமா, ஐம் கமிங் ஹோம்’, 1991. ‘மாமா’ என்பது மனைவி ஷாரன். வரிகளை எழுதியவர் மோட்டார்ஹெட் இசைக்குழுவின் லெம்மி. அதில் குடி என்ற பேச்சே இல்லை. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்புதான், போதையில் ஷாரனைக் கொல்லப் பார்த்ததாக ஓஸி கைதாகியிருந்தார். இது தெரிந்து கேட்டால் பாட்டு வேறாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் குடி இருந்தது. ராத்திரி கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று அம்மா சொல்லிவிடுவார். ‘வீட்டுக்கு வர்றேன்’ என்ற சொல் எங்களுக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இந்தப் பாட்டுகளைக் கேட்பதற்கு என் அனுபவத்தில் மூன்று யோசனைகள். முதலில் ஸ்டூடியோ பதிவை இரண்டு முறை கேட்டு, மெட்டை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு நேரடிப் பதிவில் சுருதி விலகுவதைக் குறையாக எண்ணாதீர்கள். எட்டாத இடத்தை அந்தக் குரல் எப்படித் தொடப் பார்க்கிறது என்று கவனியுங்கள். கடைசியாக, காதையும் கண்ணையும் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். அவர் திணறும் வரிகளை மைதானமே சேர்ந்து பாடுகிறது.

ஒருநாள் ஓஸி, ஷாரன் கதையைச் சொல்லி, இந்தக் கச்சேரியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

“குடிய விட்டுட்டாராப்பா?”

“பல தடவை விட்டாரும்மா. பல தடவை திரும்பவும் ஆரம்பிச்சார்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்தப் பொண்ணு எங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கு? அதக் காட்ட மாட்டாங்களா?”

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும், பாடுகிறவரை மட்டும் கேட்க என்னால் முடிவதில்லை.