வழக்கறிஞர் பட்டியலும் உறுதிமொழியும்

முல்லைப் பெரியாற்று நீர் இராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரமாகும் லோயர் கேம்ப் பகுதியினருக்கு ஆவணத்தின் ஆற்றலை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் எழுதப்பட்ட குத்தகைப் பத்திரத்தை ஆதாரமாகக் கொண்டே கம்பம் பள்ளத்தாக்கு வயல்கள் இன்றும் விளைகின்றன. ஆனால், பத்திரங்களைக் கையிலெடுத்து நமக்காக நீதிமன்றத்தில் வாதிடுபவருக்கு அவ்வுரிமையை அளித்த ஆவணம் எது? அதை நாம் பார்க்க இயலுமா?

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. அதன் 17ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநில பார் கவுன்சிலும் வழக்கறிஞர் பட்டியலைப் பேண வேண்டும். 22ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துள் தொங்குவது இச்சான்றிதழே. நம்மவர் அதைக் கண்டதும் கைகூப்பி அமர்ந்துவிடுகின்றனர்!

ஆனால் 41ஆம் பிரிவைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் ஒருவர் கண்டிக்கப்பட்டாலோ, இடைநீக்கம் செய்யப்பட்டாலோ அத்தண்டனை பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே பதியப்படும். தொழிலிலிருந்தே விலக்கப்பட்டால் பெயர் அடிக்கப்படும். இடைநீக்கமோ விலக்கமோ நேர்ந்தால் சான்றிதழும் திரும்பப் பெறப்பட வேண்டும். அதாவது, உண்மை நிலையை உரைப்பது பட்டியலே. சுவரில் தொங்கும் சான்றிதழன்று. உத்தமபாளையம் நீதிமன்றத்திற்கு நிலத் தகராற்றோடு செல்லும் விவசாயி காண்பது சான்றிதழை. அவர் காண வேண்டியதோ சென்னையிலுள்ள பட்டியலை.

போலிகளின் அச்சம் கற்பனையன்று. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2015இல் சான்றிதழ் சரிபார்ப்பு விதிகளை வகுத்தது. 2023 ஏப்ரல் 10இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி பி.எஸ். சௌஹான் தலைமையில் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்து, பல்கலைக்கழகங்கள் பட்டங்களைக் கட்டணமின்றிச் சரிபார்த்துத் தர வேண்டுமென்றது. பதிவின்றி வழக்காடுவோருக்கு 45ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆயினும் குற்றம் வெளிப்படுவதற்குள் கட்சிக்காரரின் வழக்கு கெட்டுவிடும்.

உறுதிமொழியின் நிலை இன்னும் விந்தையானது. நீதிபதிகள் ஏற்கும் உறுதிமொழி அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் உள்ளது; எவரும் படிக்கலாம். வழக்கறிஞர்கள் சட்டத்திலோ அத்தகைய வாசகம் இல்லை. பதிவு விழாவில் பலர் கூடி ஒரே குரலில் சொல்வது அன்றோடு காற்றில் கலந்துவிடுகிறது. கலிபோர்னியா மாநிலச் சட்டம், உறுதிமொழி ஏற்றதை உரிமத்தின் மீதே எழுதச் சொல்கிறது. நாமும் நம் சான்றிதழின் பின்புறத்தில் தமிழ் வாசகம், ஏற்ற நாள், கையொப்பம் ஆகியவற்றைச் சேர்த்தால் என்ன?

பெயர், பதிவு எண், பதிவு நாள், இன்றைய நிலை ஆகிய நான்கும் நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் இருந்தால் போதும். வீட்டு முகவரி வேண்டாம். வழக்கில் தோற்றவன் கோபத்தோடு தேடிச் செல்லும் இடமாக எவர் வீடும், குறிப்பாகப் பெண் வழக்கறிஞர் வீடு, ஆகிவிடக் கூடாது. வக்காலத்தில் கையொப்பமிடுமுன் கட்சிக்காரர் அந்தப் பதிவு எண்ணைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.