பதினைந்தாவது பெயர்

ஈப்போ,
ஜனவரி 2026

அன்புள்ள தம்பி,

தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க்கல்வி பயின்று பட்டம் பெற்ற நீ, நம் பேராக் மாநிலத்திலேயே ஒரு தேசிய இடைநிலைப்பள்ளிக்குத் தமிழாசிரியனாக நியமனம் பெற்றிருக்கிறாய் என்ற செய்தியை உன் தாயார் சொல்லக் கேட்டு நான் அடைந்த சந்தோஷம் சாமானியமானதன்று. பெருந்தொற்றுக்குப்பின் சில ஆண்டுகள் மார்ச்சிலும் பிப்ரவரியிலுமாக ஆரம்பித்துவந்த பள்ளியாண்டு, இம்முறை பழைய வழக்கப்படி ஜனவரிக்கே திரும்பிப் பொங்கல் வாரத்தில் வாசலைத் திறக்கிறது. புதுப்பானையும் புதுப்புத்தகமும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வரும் அந்தப் பழைய மகிழ்ச்சியை நம் பிள்ளைகள் மீண்டும் அனுபவிக்கப்போகிறார்கள். வாழ்த்துச் சொல்லி இவ்வளவோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் 1989 முதல் 2024 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் இதே உத்தியோகத்தில் இருந்தவன் என்ற உரிமையால், ஒரே ஒரு விஷயத்தை உன்னிடம் வற்புறுத்திச் சொல்லவேண்டும் என்று மனம் தவிக்கிறது. உன் பெயருக்கு எழுதினாலும், இவ்வாண்டு இப்பணியில் பிரவேசிக்கும் உன் தோழர்கள் யாவரும் படிக்கட்டும் என்றே இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

புதிதாகப் பணியேற்கும் ஆசிரியன், முதல் நாளில் எந்தப் பாடத்தை எப்படி ஆரம்பிப்பது என்றே இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன். நீயோ அதற்கு முன்பாக, பாடம் நடத்த உனக்கு ஒரு வகுப்பு இருக்கிறதா என்று பார். தமிழ்ப்பள்ளியில் தமிழ், மூச்சைப்போலக் கேளாமலே கிடைக்கிறது. இடைநிலைப்பள்ளியில் அது கேட்டால்தான் கிடைக்கும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டிக்கொண்டால் அங்கே தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும். நாட்டிலேயே மிகுதியாக 134 தமிழ்ப்பள்ளிகள் நம் பேராக்கில் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு முடித்து அவற்றிலிருந்து வெளியேறும் குழந்தைக்கு, இந்நாட்டில் போய்ச் சேரத் தமிழ் இடைநிலைப்பள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகையால் அக்குழந்தையின் தாய்மொழிக் கல்வி முழுவதும், பள்ளி திறக்கும் முதல் சில வாரங்களில் பதினைந்து பெயர்கள் ஒரு தாளில் சேருமா சேராதா என்ற அந்தச் சிறிய கேள்வியின்மீதே நிற்கிறது.

தலைகளை எண்ணித் தமிழுக்கு இடம் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் நிர்வாகம் அங்கே பள்ளி அமைக்கவேண்டும் என்ற நிபந்தனையை வைத்திருந்தது. அந்தப் பத்துத் தலைகளை நம்பித்தான் ஸ்டோரின் ஓரத்திலும் ஆயாக்கொட்டகையின் பக்கத்திலும், சில இடங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியாராய் அமர, நம் பாட்டன்மார் அகர வரிசையை மணலில் எழுதினார்கள். எண்ணிக்கை சிறிதென்று இகழலாகாது; 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளிலிருந்தல்லவா இம்மாநிலத்தின் பால்மரக் காடுகளின் சரித்திரம் தொடங்குகிறது? தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவில் நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, ஆளுக்கு நூறு வெள்ளிப் பங்கைத் தவணை தவணையாகச் செலுத்தச் செய்து, பால்வெட்டுகிறவரையே தோட்டத்துக்குப் பங்காளியாக்கிய காரியமும், லயம் லயமாகச் சென்று ஒவ்வொரு பெயராகச் சேர்த்ததால் நடந்த காரியமே. ஒரு பெயரைச் சேர்ப்பதென்பது அற்பக் காரியமன்று, தம்பி.

இதை நான் அறிந்தது என் தவற்றினால். 1998ஆம் ஆண்டில், நான் அப்பொழுது பணியாற்றிய ஒரு பள்ளியில், முதலாம் படிவத்தில் தமிழ் படிக்க முன்வந்த பிள்ளைகள் பதினான்கு பேர். பெற்றோர் கையெழுத்திடவேண்டிய பாரங்களைக் கொடுத்தனுப்பினேன், கையெழுத்தோடு வந்தவற்றை வாங்கி அடுக்கிவைத்தேன், பதினைந்தாவது தானே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அட்டவணை முடிவாகிவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லப்பட்டபோது, சரி என்று தலையசைத்துவிட்டு வந்தேன். அந்தப் பதினைந்தாவது பிள்ளை எங்கோ மறைந்திருக்கவில்லை. அதே பள்ளியின் பின்வரிசையில் இருந்தான். தோட்டம் செம்பனைக்கு மாறி லயங்கள் இடிக்கப்பட்டபின் குடும்பத்தோடு ஈப்போவின் எல்லையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவன். தகப்பனார் இரவில் லாரி ஓட்டுகிறவர், தாயார் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டு. பாரத்தில் கையெழுத்திட வீட்டில் ஆள் விழித்திருந்த நேரமும் பையன் விழித்திருந்த நேரமும் ஒன்றாக அமையவில்லை, அவ்வளவுதான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு மாடியை ஏறியிருந்தால் முடிந்திருக்கும். ஏறவில்லை. பதினான்கு பிள்ளைகளின் அவ்வாண்டுத் தமிழ் போயிற்று. மறு ஆண்டு அவர்களில் பலர் வேறு வகுப்புகளுக்கும் வேறு ஊர்களுக்கும் சிதறிப்போனார்கள்.

ஆகவே முதல் வாரத்தில் நீ செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். பள்ளியின் முதல்வரையும் துணை முதல்வரையும் அட்டவணை முடிவாகுமுன் மரியாதையோடு போய்ப் பார். மனக்குறையோடு போகாதே, சட்டம் என்ன சொல்கிறதென்று தெரிந்துகொண்டு, எந்தப் பாடவேளையில் யாருக்கும் சங்கடமின்றி வகுப்பை அமைக்கலாம் என்ற யோசனையையும் கையில் எடுத்துக்கொண்டு போ. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்தபின் வைக்கப்படுவதால், பிள்ளைகளின் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறதென்று விசாரி. தமிழ்மீது பற்றில்லை என்று நாம் குறைகூறும் பிள்ளைகளில் பாதிப்பேர், இரண்டு மணிப் பேருந்தை விட்டால் வீடுபோய்ச் சேர வழியில்லாத பிள்ளைகள் என்பதை அப்பொழுது காண்பாய். பேருந்து ஓட்டுநரிடம் நீயே பேசு. ஒரு தமிழாசிரியர் வந்து கேட்டால் அரைமணி நேரம் காத்திருக்க இசையாத ஓட்டுநரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், பள்ளி கொடுக்கும் பெயர்ப்பட்டியலை அப்படியே வாசித்துவிடாதே. ரோமன் எழுத்தில் அச்சாகி வரும் அந்தப் பட்டியலில் நம் லகரமும் ளகரமும் பேதமின்றி ஒன்றாகிவிடும். தமிழ்ச்செல்வி என்ற பெயரின் ழகரமோ இடத்துக்கொரு வேஷம் போடும். ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றில் விட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தன் கையால் தமிழில் எழுதட்டும். ஆறாம் ஆண்டுத் தேர்வை 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வை 2022இலும் எடுத்துவிட்ட பிற்பாடு, ஒரு பிள்ளையின் தரத்தைச் சொல்ல அந்தப் பழைய மதிப்பெண் தாள்கள் இல்லை. அந்த ஒரு வரி உனக்கு எல்லாவற்றையும் சொல்லும். யார் நிமிர்ந்து எழுதுகிறான், யார் பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதுகிறான், யார் பேனாவைப் பிடித்தபடி நிற்கிறான் என்று கவனி. நிற்கிறவனையே முதலில் விரும்பு.

மௌனத்தை அறியாமை என்று எண்ணிவிடாதே என்பது அடுத்த விஷயம். தோட்டப்பள்ளியில் எல்லாரிலும் முந்தி வாசித்த நான், 1977இல் ஈப்போவின் ஓர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். முதலாம் படிவத்துக்குப் போகுமுன் மலாய்மொழியில் தேர்ச்சி பெறுவதற்காக எங்களைப் போன்றவர்களை ஓராண்டு உட்கார வைக்கும் வகுப்பு அது. முதல் நாளில் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் தகப்பனார் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டுவந்தார். அந்த அறையில் அந்தக் கேள்விக்கு என்னைவிட விஸ்தாரமாக விடை சொல்லக்கூடியவன் இருந்திருக்கமாட்டான். பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவுவது, ஒட்டுப்பாலை உரிப்பது, காண்டா போட்டு வாளியைச் சுமப்பது என்று யாவும் எனக்குக் கரதலப் பாடம். ஆயினும் 'கெர்ஜா' என்ற ஒரு சொல்லுக்குமேல் எனக்கு வரவில்லை. 'வேலை' என்று பொருள்படும் அந்த மலாய்ச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மலாய் ஆசிரியர், இடைவேளையில் என்னைத் தேடிவந்து, கையசைத்துக் காட்டச்சொல்லி, நான் செய்துகாட்டியதும் 'மெனோரே கெத்தா' என்ற சொல்லை எனக்குக் கொடுத்து, தமிழில் அதற்கு என்ன என்று கேட்டு, 'பால்வெட்டு' என்பதைத் தம் நாவில் மூன்றுமுறை சொல்லிப்பார்த்துக்கொண்டார். கற்பிப்பது என்றால் கொடுத்து வாங்குவது என்பதை நான் படித்தது அந்த இடைவேளையில்தான். மலாய்மொழியை நம் மொழிக்கு விரோதமாக ஒருநாளும் நிறுத்தாதே. உன் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும், ஒன்றில் பேச வாய் திறந்தவன் மற்றதிலும் திறப்பான்.

திருத்துவதைப்பற்றி ஒரு வார்த்தை. என் தந்தையார் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் விடியுமுன் நெற்றிவிளக்கோடு நிரைக்குள் நுழைகிறவர். வெயில் ஏறினால் பாலோட்டம் குறைந்துவிடும். உளியை வைத்தால் பட்டை மெல்லிய சீவலாகச் சுருண்டு விழவேண்டும், அதற்கு அடியிலுள்ள ஈரப்படலத்தைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிடக்கூடாது என்பார். தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்துக்கு வெட்டு திரும்பும்போது உளி ஓடாது. பால் வேண்டும் என்பதற்காக மரத்தைக் காயப்படுத்துகிறவன் நாளைய பாலை இன்றே இழக்கிறான். திருத்துவதும் அப்படியே. உன் வகுப்பில் ஒருவன், மலாயைக் கலந்து, 'சார், புக்கு ஹந்தார் பண்ணிட்டேன்' என்று சொல்வான். சிரிக்காதே, பிறரைச் சிரிக்கவும் விடாதே. 'ஒப்படைத்துவிட்டாயா? நல்லது' என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொள். பத்தாவது தடவை அவனே ஒப்படைப்பான்.

தமிழில் உயர்ந்த மதிப்பெண் வாங்குவது கடினம், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வின் முடிவைக் கெடுத்துவிடும் என்ற பயத்தோடு பெற்றோர் உன்னிடம் வருவார்கள். 2010இல் அத்தேர்வுக்குப் பத்துப் பாடங்கள் என்ற வரம்பு வந்தபோது, தமிழும் தமிழிலக்கியமும் விடுபட்டுப்போகுமே என்று நம் மக்கள் ஊரூராகக் குரல்கொடுத்து, பத்தோடு இரண்டு கூட எழுத இடம் பெற்றார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டு. பயத்தை இகழாதே. பழைய வினாத்தாள்களை அவர்கள் முன்னிலையிலேயே பிரித்துவைத்து, இந்தப் பிள்ளையால் இது ஆகும் என்று காட்டு. அதற்குரிய உழைப்பை ஐந்து ஆண்டும் நீ செய்.

இனி, நான் எழுத வந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன், ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயில் படியருகே ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, 'ஐயா' என்று வணங்கினாள். 1998இன் பதினான்கு பேரில் ஒருத்தி. தகப்பனார் காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது, பத்திரிகையில் நினைவாஞ்சலி போடவேண்டும், பிழையிருந்தால் திருத்திக்கொடுங்கள் என்று கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள், நீட்டும்போதே வெட்கப்பட்டாள். நாற்பது ஆண்டுகள் பால்மரக் காட்டில் எங்களுக்காக நடந்த கால்களுக்குக் கண்ணீரோடு வணக்கம் என்பது அதிலிருந்த வாசகம். மரம் என்பதற்கு வல்லின றகரம் போட்டிருந்தாள், கண்ணீருக்கு றன்னகரம். நான் என் பேனாவால் அந்த இரண்டு எழுத்துக்களை மாற்றினேன். வாக்கியத்தைத் தொடவில்லை, தொடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. உணர்ச்சியும் சொல்லும் அவளிடம் குறைவின்றி இருந்தன. அந்த இரண்டு எழுத்துக்களோ, பதின்மூன்று வயதில் நான் அவளுக்குக் கொடுத்திருக்கவேண்டியவை.

திங்கட்கிழமை முதல் மணி அடிக்குமுன், ஒரு தாளில் ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணிட்டு எடுத்துக்கொண்டு போ, தம்பி. பதினான்காவது வரியோடு நின்றுவிட்டால், அன்று மாலையே செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படு. பதினைந்துக்குக் கீழே கொஞ்சம் இடமும் விட்டுவை.

உன் நலம் விரும்பும்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்